பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டும் டிரினிடாட் சூசூவும்

கூட்டு என்றால் பூசணிக்காய்க் கூட்டு மட்டும்தானா? மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அது பணத்துக்கும் பெயர். 10 பெண்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) போடுவார்கள். சேரும் ஆயிரம் வெள்ளி அந்த மாதம் ஒருவருக்கு. யாருக்கு எந்த மாதம் என்பதை, பழைய மைலோ டின்னில் சுருட்டிப் போட்ட துண்டுச்சீட்டு சொல்லிவிடும். கணக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில். மலாய்க்காரர்கள் வாயில் இதுவே ‘குத்து’.

இதே ஏற்பாடு மேற்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு. நைஜீரியாவின் யொரூபா மக்கள் அதை ‘எசூசு’ என்பார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கையில் எதையும் கொண்டுபோக முடியவில்லை. இந்த வழக்கம் மட்டும் நினைவோடு கூடவே போனது. டிரினிடாடில் அது ‘சூசூ’, ஜமைக்காவில் ‘பார்ட்னர்’. 1950-களில் லண்டனுக்குப் பிழைக்கப் போன கரீபியக் கறுப்பின மக்களுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. பார்ட்னர் பணத்தை முன்பணமாகக் கட்டித்தான் பலர் வீடு வாங்கினார்கள்.

சரி, முதல் மாதமே பணத்தை எடுத்தவர் காணாமல் போய்விட்டால்? பத்திரமும் கிடையாது, ஜாமீனும் கிடையாது. நாளைக்கும் அதே மாடிப்படியில் முகம் பார்த்தாக வேண்டுமே, அதுதான் காவல். முகம் தெரியாதவர்கள் சேர்ந்தால் அந்தக் காவலும் போய்விடும். மலேசியாவில் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்ய 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது.