தேதி கேட்பதும் ஆயத்தமாக இருப்பதும்

எங்க மாமா சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவர். அவர் ஒருமுறை சொன்னார்: "ஆபீசர் வர்றாருன்னு தகவல் வந்தா அன்னைக்கு எல்லாம் கரெக்டா இருக்கும். அறைக்கு இத்தனை ஆள்தான், வாளியில தண்ணி, தரை சுத்தம். மறுநாள் பழைய கதைதான். மருந்து என்ன, ஆபீசர் வர்ற நாள் பார்த்தா வெடிக்குது?"

இரண்டாம் வருகையைப் பற்றிய பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும். "ஆயத்தமா இருங்க" என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். ஆனால் ஆயத்தம் என்றால் என்ன? 19ம் நூற்றாண்டில் நம் பக்கத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

முதலாவது நம்ம மாவட்டத்திலேயே நடந்தது. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1810ல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்தவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு பழகினார். மிஷன் சம்பளத்தை நம்பாமல், உழைத்துக்கொண்டே ஊழியம் செய்யலாம் என்பது அவர் பிடித்துக்கொண்ட வழி. 1840ல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். 20 வருஷம் கழித்து, 1860ல், அங்கே பெரிய எழுப்புதல் வந்தது. ஜனங்கள் அழுது பாவத்தை அறிக்கை செய்தார்கள்; அந்நிய பாஷை பேசினார்கள், தரிசனம் கண்டார்கள். சாதாரண ஆட்கள் சம்பளமில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். அருளப்பன் 1867ல் காலமானார்.

இரண்டாவது திருவிதாங்கூரில். பாலக்காட்டுத் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஜஸ்டஸ் ஜோசப் 1861ல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிகன் குருவானவராகவும் ஆனார். 1870களில் அங்கேயும் எழுப்புதல் பரவியது. அந்தச் சூட்டில் அவர் 1875ல் தனிச் சபை கண்டார். 1881ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். இன்னும் ஐந்தரை வருஷம்தான் என்பது கணக்கு; அதனால் ஊரார் அவர்களுக்கு "அஞ்சரைக்காரர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். 1881 வந்தது, போனது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். மீதிப்பேர் யுயோமயம் என்ற புது மார்க்கமாக ஒதுங்கினார்கள்.

இரண்டு இடத்திலும் கண்ணீர் உண்மை, தாகமும் உண்மைதான். வித்தியாசம், ஒருவர் தேதி குறித்தார் என்பதே.

அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லியிருப்பதை மாற்கு 13ல் பார்க்கலாம். மத்தேயு 25ல் வரும் பத்துக் கன்னிகைகளைக் கவனியுங்கள். பத்துப் பேரும் தூங்கிவிடுகிறார்கள்! புத்தியுள்ள ஐந்து பேர் கண் விழித்திருந்ததால் தப்பவில்லை. எண்ணெய் முன்னாடியே வாங்கி வைத்திருந்தார்கள். தெசலோனிக்கேயில் வேலையை விட்டுவிட்டுச் சும்மா திரிந்தவர்களை, அமைதியாய் வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும்படி பவுல் கண்டிக்கிறார். ஆயத்தம் என்பது தினசரி வேலை.

இதை நான் தத்துவமாகப் பேசவில்லை. 1999ல் எங்க ஏரியாவில் ஒரு ஊழியக்காரர் 2000 பிறப்பதற்குள் வருகை என்று பேசிக்கொண்டிருந்தார். அப்பா அப்படியே நம்பினார். அக்காவைக் காலேஜில் சேர்க்க வைத்திருந்த பணம் காணிக்கையாகப் போனது. "அதுக்குள்ள வந்துருவார்மா, படிச்சு என்ன செய்யப்போற" என்றார். ஜனவரி வந்ததும் அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள்.

அப்பா கெட்டவர் இல்லை. வருகையை நம்பியதும் தப்பில்லை, நானும் நம்புகிறேன். ஆனால் அவர் வரும்போது அக்கா படித்துக்கொண்டிருந்தால் அதுவும் ஆயத்தம்தானே? யாராவது தேதி சொன்னால் நான் இப்போது ஒன்றுதான் கேட்பேன்: அது தெரிந்தால் நாளைக்கு எந்த வேலையை நிறுத்தச் சொல்கிறீர்கள்? எந்தக் கடனை அடைக்கச் சொல்கிறீர்கள், யாரோடு ஒப்புரவாகச் சொல்கிறீர்கள் என்றால் உட்கார்ந்து கேட்கலாம். அதைத் தேதி இல்லாமலே செய்யலாம் என்பது வேறு விஷயம்.