இயந்திரத்தின் மூச்சு: வால்வும் கேமும் செய்யும் வேலை

விடியற்காலையில் மரம் சீவச் செல்வதற்கும், பால் வாளிகளையும் கட்டிப்பால் மூட்டைகளையும் ஏற்றி வருவதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதற்கும் தோட்ட மக்களுக்குக் கைகொடுப்பது ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளேயாகும். அத்தகைய வண்டியில் ‘பெரிய வால்வு போட்டால் வேகம் கூடும்’, ‘ரேஸிங் கேம் மாற்றினால் சக்தி பெருகும்’ என்று சொல்வோர் பலர். அதனைக் கேட்டு, உழைத்துச் சேர்த்த பணத்தைப் பட்டறையில் செலவிடும் இளைஞர்களும் உளர். அவ்வாறு மாற்றப்பெற்ற வண்டி சமதரையில் சீறிப் பாய்கின்றது. ஆனால், சுமையேற்றி மேட்டில் ஏறும்போது திணறுகின்றது. இதற்குக் காரணம் யாது? வால்வும் கேமும் செய்யும் வேலையை அறிந்துகொண்டால் விடை எளிதில் விளங்கும்.

நான்கு வீச்சுகள்

கப்சாயின் இயந்திரம் நான்கு வீச்சுகளில் இயங்குவது. முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கிப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கின்றது. இரண்டாம் வீச்சில் மேலேறி அக்கலவையை அழுத்துகின்றது. மூன்றாவதில் தீப்பொறி பட்டுக் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. நான்காவதில் பிஸ்டன் மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றுகின்றது. இந்நான்கு வீச்சுகளுக்குள் கிராங்க் தண்டு இருமுறை சுழல்கின்றது.

கலவை நுழைவதற்கு ஒரு வால்வும் புகை வெளியேறுவதற்கு ஒரு வால்வும் சிலிண்டரின் தலைப்பகுதியில் உள்ளன. அவற்றை உரிய நேரத்தில் திறப்பது கேம் தண்டு. நான்கு வீச்சுகளுக்கு ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்தால் போதுமாதலால், கேம் தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்திலேயே சுழல்கின்றது. இதன் பொருட்டே கேம் சக்கரத்தில் இரு மடங்கு பற்கள் வைக்கப்பட்டிருக்கின்றன.

மனிதனுக்கு மூச்சு எப்படியோ, அப்படியே இயந்திரத்துக்கு இக்கலவை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு கலவை உள்ளே நிரம்புகின்றதோ, அந்த அளவுக்கே அதன் சக்தி அமையும். நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலும் இயந்திரத்தில், ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 15 பங்கு நேரம் கலவையை இழுப்பதற்குக் கிடைக்கின்றது. 8,000 சுற்றில் 4 பங்கு நேரங்கூடக் கிடைப்பதில்லை. வால்வின் அளவும் கேமின் காலமும் முக்கியமாவது இதனால்தான்.

வால்வின் அளவு

வால்வின் வாய் அகன்றால் கலவை செல்லும் வழியும் அகலும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வை 22 மில்லிமீட்டராக்கினால் விட்டம் பத்தில் ஒரு பங்கே கூடுகின்றது. பரப்போ 21 விழுக்காடு கூடுகின்றது. ஆயினும், வால்வு போதிய உயரம் எழும்பாவிடில் அகலத்தால் முழுப் பயன் இல்லை. விட்டத்தில் கால் பங்கு உயரம் எழும்பும்போது, வால்வின் விளிம்பைச் சுற்றியுள்ள வழி அதன் வாயின் பரப்புக்குச் சமமாகின்றது. அந்த உயரத்தைத் தருவதும் கேமேயாகும்.

அங்ஙனமாயின், எவ்வளவு பெரிய வால்வு வைத்தாலும் நன்மைதானே என்று கேட்கலாம். அன்று. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் சற்று அழுத்தினால் நீர் வேகமாகத் தூரம் பாய்கின்றது. வாயை அகல விட்டால் காலடியில் விழுகின்றது. கலவையின் இயல்பும் அத்தகையதே.

50 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 49.5 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட 97 சி.சி. இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 20 மில்லிமீட்டர் உள்வாங்கு வால்வு இருப்பின், 8,000 சுற்றில் கலவை சராசரியாக விநாடிக்குச் சுமார் 82 மீட்டர் வேகத்தில் உள்ளே பாய வேண்டும். 2,000 சுற்றில் அவ்வேகம் சுமார் 20 மீட்டராகக் குறைகின்றது. வால்வை 24 மில்லிமீட்டராக்கினால், 8,000 சுற்றில் 57 மீட்டர் வேகமே போதும். இயந்திரம் இளைப்பின்றி மூச்சு விடும். ஆனால், 2,000 சுற்றில் வேகம் 14 மீட்டராகத் தாழ்ந்துவிடும். அவ்வளவு மெதுவாகச் செல்லும் காற்றில் பெட்ரோல் துளிகள் நன்கு கலவாமல் குழாயின் சுவரில் படியும், எரிதல் குறைவுபடும். மேட்டில் சுமையோடு மெல்ல ஏறும் வண்டிக்கு இதுவே முதல் இடையூறு.

சிலிண்டரின் தலையில் இடமும் அளவானதே. உள்வாங்கு வால்வு பெரிதானால் வெளியேற்று வால்வுக்கு இடம் சுருங்கும். பெரும்பாலான இயந்திரங்களில் உள்வாங்கு வால்வைச் சற்றுப் பெரியதாக அமைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. புகை தன் சொந்த அழுத்தத்தால் வெளியே பாய்ந்துவிடும். கலவையோ வெளிக்காற்றின் அழுத்தத்தால் மட்டுமே உள்ளே நுழைகின்றது.

கேமின் காலம்

பிஸ்டன் மேல் எல்லையில் இருக்கும்போது உள்வாங்கு வால்வு திறந்து, கீழ் எல்லையை அடைந்ததும் மூடிவிடும் என்றே நாம் எண்ணுவோம். உண்மையில் அது சற்று முன்னரே திறந்து, பின்னரே மூடுகின்றது. எடுத்துக்காட்டாக, மேல் எல்லைக்கு 10 பாகை முன்பு திறந்து, கீழ் எல்லைக்கு 40 பாகை பின்பு மூடுகின்றது என்று கொள்வோம். இடைப்பட்ட 180 பாகையையும் கூட்டினால், கிராங்க் தண்டின் சுழற்சியில் 230 பாகை அளவுக்கு அவ்வால்வு திறந்திருக்கின்றது.

பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்பும் வால்வைத் திறந்து வைப்பது ஏன்? விரைந்து ஓடிவரும் கலவை உடனே நின்றுவிடுவதில்லை. ஓடும் லாரியின் பிரேக்கை மிதித்தாலும் அது சிறிது தூரம் சென்றே நிற்பது போல, கலவையும் தன் வேகத்தால் மேலும் உள்ளே நுழைந்து நிரம்புகின்றது. சுற்று மிகும்போது இந்த இலாபமும் மிகும்.

பந்தய வண்டிக்கான கேம் இதனையே மேலும் நீட்டுகின்றது. 30 பாகை முன்பு திறந்து 70 பாகை பின்பு மூடுமாயின், திறந்திருக்கும் காலம் 280 பாகையாகின்றது. 8,000 சுற்றுக்கு மேல் இது பெரும்பயன் தரும். ஆனால், 2,000 சுற்றில் கலவைக்கு அந்த வேகம் இல்லை. மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். எஞ்சியதை அழுத்தினாலும் போதிய அழுத்தம் கிட்டாது. மேலும், இரு வால்வுகளும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் நீள்வதால், மெதுவாக ஓடும்போது புகை உள்ளே திரும்புதலும் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வீணாதலும் நேர்கின்றன. வண்டி நிற்கும்போது இயந்திரம் சீராக ஓடாமல் குலுங்குவதற்கும் இதுவே காரணம்.

இழுவையும் வேகமும்

குதிரைத் திறன் என்பது முறுக்கு விசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. சுமையை இழுப்பதற்கு வேண்டியது குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் முறுக்கு விசை.

1958இல் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட முதல் சூப்பர் கப் 49 சி.சி. கொள்ளளவு உடையது, 9,500 சுற்றில் 4.5 குதிரைத் திறன் தந்தது. 1960களில் வெளிவந்த மாஸ்ஸி பெர்குசன் 135 டிராக்டரின் டீசல் இயந்திரம் 2.5 லிட்டர் கொள்ளளவு உடையது. 2,250 சுற்றில் சுமார் 45 குதிரைத் திறன் தந்தது. கொள்ளளவு 50 மடங்கு. குதிரைத் திறனோ 10 மடங்கு மட்டுமே. ஆனால், அந்தச் சுற்றுகளில் முறுக்கு விசையைக் கணக்கிட்டால் டிராக்டருடையது 40 மடங்குக்கும் அதிகம். சிறிய இயந்திரம் அடிக்கடி மூச்சு வாங்கித் திறனைப் பெறுகின்றது. பெரியது நிதானமாக, ஆழமாக மூச்சு வாங்கி இழுவையைப் பெறுகின்றது. ஒவ்வொன்றின் கேமும் அதனதன் வேலைக்கேற்பவே அமைக்கப்பட்டது.

இவ்விரண்டையும் ஒரே இயந்திரத்தில் பெற முயன்றவர்களும் உண்டு. 2005இல் வெளிவந்த பெரோடுவா மைவியின் 1.3 லிட்டர் இயந்திரம், உள்வாங்கு வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்பத் தானே முன்பின் மாற்றிக்கொள்ளும் அமைப்புடையது. புரோட்டோன் நிறுவனத்தின் 1.6 லிட்டர் கேம்ப்ரோ இயந்திரம் முதலில் 110 குதிரைத் திறன் தந்தது. 2008இல் ஜென்-2 காரில் வந்த அதன் புதிய வடிவம், குறைந்த சுற்றுக்கு ஒரு கேம் வடிவமும் மிகுந்த சுற்றுக்கு வேறொரு வடிவமும் பயன்படுத்தியது. உள்வாங்கு குழாயிலும் மாற்றம் செய்யப்பட்டு, திறன் 125 ஆக உயர்ந்தது. ஒரே கேம் எல்லா வேலைக்கும் பொருந்துமாயின், இத்தனை முயற்சிக்கும் தேவை இருந்திராது.

மாற்றுவதற்கு முன்

கப்சாயில் இருப்பது ஒரே கேம். அதை மாற்றினால் ஓரிடத்தில் பெறுவதை வேறோரிடத்தில் இழக்க நேரும். பெரிய வால்வு கனமானது. பழைய சுருள்வில் அதனை உரிய நேரத்தில் மூட இயலாமற்போனால், வால்வு பிஸ்டனில் மோதி இயந்திரமே பாழாகும். கேம் சக்கரத்தைப் பொருத்துவதிலும் கவனம் தேவை. 28 பற்களுள்ள சக்கரத்தில் ஒரு பல் தவறினால், கிராங்க் தண்டின் கணக்கில் ஏறத்தாழ 26 பாகை பிழையாகும். மேலும், பதிவு செய்யப்பட்ட இயந்திரக் கொள்ளளவை மாற்றுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

செலவில்லாத சீரமைப்பு

வண்டியின் சக்தி குறைந்துவிட்டதாகத் தோன்றினால், புதிய கேம் வாங்குவதற்கு முன் வால்வின் இடைவெளியைச் சோதித்துப் பார்த்தல் நன்று. ஹோண்டாவின் சி70, இ.எக்ஸ்.5 வண்டிகளில் இரு வால்வுகளுக்கும் இவ்விடைவெளி 0.05 மில்லிமீட்டர், சாதாரண எழுதுதாளின் தடிப்பில் ஏறக்குறையப் பாதி. இது குறைந்துவிட்டால் வால்வு முழுவதும் மூடாது; அழுத்தம் கசியும்; வெளியேற்று வால்வு தீய்ந்துபோகும். கூடிவிட்டால் ‘டிக், டிக்’ என்னும் ஓசை கேட்கும். வால்வு தாமதமாகத் திறந்து, குறைந்த உயரமே எழும்பி, விரைவில் மூடிவிடும். அதாவது, நல்ல கேம் இருந்தும் அதன் பயன் கிட்டாது.

இயந்திரம் நன்கு குளிர்ந்திருக்கும் நேரத்திலேயே இதனைச் சோதித்தல் வேண்டும். முதலில் வால்வு மூடிகளைக் கழற்றுக. சுழல் சக்கரத்தில் உள்ள ‘டி’ குறியை அதற்குரிய அடையாளத்துக்கு நேராகக் கொண்டு வருக. அப்போது இரு ராக்கர்களும் இலேசாக ஆட வேண்டும். ஆடாவிடில், இன்னும் ஒரு சுற்றுச் சுழற்றுக. பின்னர் 0.05 மில்லிமீட்டர் தகட்டை இடையில் செருகி, அது சற்றே உரசிச் செல்லுமாறு திருகைச் சரிசெய்து பூட்டுமுறையை இறுக்குக. இறுக்கியபின் மறுபடியும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். வேறு மாதிரி வண்டியாயின், அதன் கையேட்டில் உள்ள அளவையே கொள்க.

கேம் சங்கிலி தேய்ந்து நீண்டாலும் வால்வுகள் தாமதமாகவே திறக்கும். ஆகையால் அதன் இறுக்கத்தையும் கவனித்தல் அவசியம். காற்று வடிகட்டி அடைத்திருந்தால் எந்த வால்வும் இயந்திரத்துக்கு மூச்சளிக்க முடியாது.

பந்தய வண்டி ஓடுவது சமமான தளத்தில், சுமையின்றி. நம் வண்டி ஏறுவது தோட்டத்து மேட்டில், பால் சுமையோடு. அந்த வேலைக்கென்றே அளந்து அமைக்கப்பெற்ற வால்வையும் கேமையும் செவ்வனே பேணி வந்தால், இயந்திரமும் நெடுநாள் உழைக்கும். வீட்டுச் செலவுக்கு உரிய பணமும் வீட்டிலேயே தங்கும்.