லிப்ட் வைத்த வீடு, பக்கத்தில் மெட்ரோ: சென்னைக்குக் குடிபோகிறவர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போய் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலை சென்னை. மகனுக்கு அங்கே வேலை, அம்மாவுக்கு மூட்டுவலி. வீடு தேடும்போது முதல் நிபந்தனையே லிப்ட்தான். இரண்டாவது, மெட்ரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

"லிப்ட் இருக்கு சார், மெட்ரோ அஞ்சு நிமிஷம்" என்பார் புரோக்கர். அது பெரும்பாலும் பைக்கில் அஞ்சு நிமிஷம். அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு தடவை நடந்தே பார்த்துவிடுங்கள். அசோக் நகர், வடபழனி, ஆலந்தூர் பக்கம் தேடுகிறவர்கள் எந்தத் தெரு வழியாக நிலையத்துக்குப் போக வேண்டும், எங்கே சாலையைக் கடக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். பரங்கிமலையில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் சேர்ந்தே இருப்பதால், தாம்பரம் பக்கம் போய்வருகிறவர்களுக்கு அது வசதி.

இனி லிப்ட். வாசலில் நாலு படி ஏறினால்தான் லிப்ட் என்றால், மூட்டுவலிக்காரருக்கு அது பாதி லிப்ட். கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிப்டுக்கும் ஓடுமா, விளக்குக்கு மட்டுமா என்று வாட்ச்மேனிடம் கேட்டால் உண்மை தெரியும். தமிழ்நாட்டில் லிப்ட் இயக்க 1997-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

லிப்டுக்கு விலையும் உண்டு. 2023-ல் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ஆக அரசு குறைத்தது. ஆனால் 10 வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிப்ட் இல்லாத கட்டடங்களுக்குத்தான் அந்தச் சலுகை. லிப்ட் வைத்த வீட்டில் 'மெயின்டனன்ஸ்' கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகை சொல்லும்போதே அது சேர்த்தா, தனியா என்று கேட்டுவிட வேண்டும்.

பெரிய தொகை அட்வான்ஸ்தான். சென்னையில் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். மாதம் 20,000 என்றால் 2 லட்சம். குறுவை நெல் போட்ட பணம் அப்படியே போய்விடும். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் குறித்த சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, அதாவது 60,000. ஆனால் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அது செல்லும். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். கையெழுத்துப் போட்ட பிறகு "சட்டத்துல மூணு மாசம்தானே" என்றால் எடுபடாது.

பதினோரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்பார்கள். புதிய சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையம் வழியாகவே பதியலாம். பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு பின்னால் அட்வான்ஸுக்காக வழக்காடுவது கஷ்டம்.

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது ஆகியவற்றைச் சட்டத்தின் அட்டவணை உரிமையாளர் கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஸ்விட்ச் ரிப்பேர், அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பாடு. சாவி வாங்கும் அன்றைக்கே சுவர், குழாய், பாத்ரூம் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து உரிமையாளருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுங்கள்.