ஐந்தாம் வகுப்பில் ஒரு சல்லடை

ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்ச்சி பெறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்யும் விதிகளை 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட மத்திய அரசுப் பள்ளிகளுக்கு அவை பொருந்தும். தமிழகம் அதை ஏற்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று அறிவித்தது. இதே தமிழகம்தான் 2019-இல் அந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு வலுத்தபின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்த விவாதத்தை மத்திய - மாநில உரசலாக மட்டுமே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளி எதற்காக இருக்கிறது என்ற பழைய கேள்வி அதனடியில் பேசப்படாமல் கிடக்கிறது.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் இரு கோட்பாடுகளை நான் அடுத்தடுத்து நடத்துவது வழக்கம். கல்வி என்பது மனிதரிடம் இடப்படும் முதலீடு, அது அவர்களின் உற்பத்தித் திறனை உயர்த்துகிறது என்று 1961-இல் எழுதினார் தியோடர் ஷுல்ட்ஸ். கல்வி ஒருவரின் திறனைச் சிறிதும் கூட்டாமற்போனாலும், இயல்பிலேயே திறனுள்ளவரை வேலை தருபவருக்கு அடையாளம் காட்டும் சமிக்ஞையாகச் செயல்பட முடியும் என்று 1973-இல் காட்டினார் மைக்கேல் ஸ்பென்ஸ். இருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். மாணவர்கள் இரண்டையும் தேர்வுக்கான வினாக்களாகப் படித்தார்கள். நானும் பெரும்பாலும் அப்படித்தான் நடத்தினேன்.

ஆனால் ஒரு வகுப்பறையில் எந்தக் கோட்பாடு ஆட்சி செய்கிறது என்பதைப் பொறுத்து ஒரு குழந்தையின் எதிர்காலம் மாறிவிடும். ஷுல்ட்ஸின் பார்வையில், வாசிக்கத் தெரியாத பத்து வயதுக் குழந்தை என்பது பள்ளி செய்து முடிக்காத வேலை. சல்லடைப் பார்வையில் அது குழந்தையைப் பற்றிய ஒரு தகவல். தகவல் கிடைத்ததும் பள்ளியின் பணி முடிந்தது. ஸ்பென்ஸ் பேசியது பெரியவர்களின் வேலைச் சந்தையைப் பற்றி. அந்தச் சல்லடையை ஐந்தாம் வகுப்புக்கு இறக்கியது நாம்தான்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. என் தந்தையார் கைத்தறி நெசவாளர். என் அக்கா ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறினார். 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று வீட்டில் முடிவாயிற்று. அவர் தார் சுற்ற உட்கார்ந்தார். நான் பள்ளிக்குப் போனேன். பாவுக்கு எத்தனை நூல், சேலைக்கு என்ன கூலி கட்டும் என்பதை எழுதாமலேயே சொல்லிவிடுவார். பிற்காலத்தில் வீட்டுக் கணக்கு முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. அவரைத் தோற்கடித்தது தசமப் பின்னம். அந்த ஆண்டு அதை அவருக்கு இன்னொரு முறை சொல்லித்தர எவரும் இல்லை.

என் பெற்றோரைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு குழந்தையை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைப்பதால் அரசுக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கூலிக் குடும்பத்துக்கோ அது ஓர் ஆண்டு உழைப்பை விட்டுக்கொடுப்பது. வாய்ப்புச் செலவு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். கல்வியின் பலன் மேல்படிப்பில்தான் கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோர் நம்புவதால், கெட்டிக்காரக் குழந்தையாகத் தோன்றும் ஒருவர் மீதே எல்லாவற்றையும் பந்தயம் கட்டுகிறார்கள் என்று அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் எழுதியிருக்கிறார்கள். பள்ளி 'தோல்வி' என்று எழுதித்தரும் தாள், அந்தப் பந்தயத்தில் யாரைக் கைவிடலாம் என்று சொல்லும் அதிகாரபூர்வச் சான்றாகிவிடுகிறது. கைவிடப்படுவோரில் எங்கள் தலைமுறையில் பெண்களே மிகுதி.

இத்தனையும் அறிந்த நானே பல ஆண்டுகள் கட்டாயத் தேர்ச்சியைக் குறைகூறியவன். ஒரு பத்தி பிழையின்றி எழுத இயலாத மாணவர்கள் பட்ட வகுப்புக்கு வரும்போது எந்த ஆசிரியருக்கும் அந்தச் சலிப்பு வரும். அந்தச் சலிப்பில் நியாயமும் உண்டு. நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது என்று பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வுகள் சொல்லிவருகின்றன. நிறுத்திவைப்பதைத் தடைசெய்த கல்வி உரிமைச் சட்டம், தொடர் மதிப்பீட்டையும் கூடவே கேட்டது. பல இடங்களில் தடை மட்டும் நடைமுறைக்கு வந்தது. மதிப்பீடு பதிவேடு நிரப்பும் வேலையாயிற்று. கற்பிக்காமல் மேலே அனுப்புவதும் கைவிடுவதுதான், சற்றுத் தாமதமாக.

கோளாறு எங்கே என்பதற்கு நம் மாநிலத்திலேயே விடை இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது; ரிஷிவேலி பள்ளியின் கிராமப்புறக் கல்வி முயற்சியே அதற்கு முன்மாதிரி. பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, சுவரில் ஏணியாக வரையப்பட்டது. கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். பத்து நாள் வராத குழந்தை, விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். அங்கே 'தோல்வி' என்ற சொல்லுக்கே வேலையில்லை. ஒரே நாளில் எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் பின்தங்குவோர் உருவாகிறார்கள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிப்பதும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான்.

இத்தகைய முறை ஆசிரியரிடம் மிகுந்த உழைப்பைக் கேட்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் அட்டையும் ஏணியும் அலமாரிக்குள் போய்விடும். கூடுதல் ஆசிரியரை நியமிக்கப் பணம் வேண்டும். தேர்வு நடத்துவது மலிவு. சல்லடைத் தத்துவம் நம் நாட்டில் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு அதன் விலையும் ஒரு காரணம் என்பது என் ஐயம்.

புதிய விதியில் நல்ல அம்சம் ஒன்று உண்டு: தவறிய மாணவருக்குக் கூடுதலாகக் கற்பித்து, முடிவு வெளியானதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். ஆண்டுத் தேர்வை ஏப்ரலில் நடத்தும் நம் மாநிலப் பள்ளிகளில் இப்படி ஒரு விதி வருமானால், அந்த இரண்டு மாதங்கள் கோடை விடுமுறையில் விழும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனிப்பயிற்சிக்குப் போகும். செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போகும் பிள்ளைக்கு யார், எங்கே கற்பிப்பார்கள்? என் அக்காவின் அந்தக் கோடை விடுமுறை தறிக் குழியின் பக்கத்தில் கழிந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.