மிதித்தவர்கள் காத்த விசுவாசம்

வேதத்துக்காக உயிரை விட்டவர்களுக்குத் திருநாள் உண்டு, சுரூபம் உண்டு, அவர்கள் பெயரில் கோயிலும் உண்டு. உயிர் பிழைக்க மாதாவின் உருவத்தைக் காலால் மிதித்துவிட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பியவர்களுக்கு என்ன உண்டு? ஜப்பானில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கிறிஸ்தவத்தைக் காப்பாற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான்.

முத்துக்குளித்துறைப் பரவர்களுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த அதே பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். இரண்டு தலைமுறைக்குள் அங்கே கிறிஸ்தவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். பாதிரியார் வந்த கப்பலுக்குப் பின்னால் படைக் கப்பலும் வருமோ என்ற சந்தேகம் ஆட்சியாளர்களுக்கு. 1597-இல் நாகசாகியின் நிஷிசாகா மேட்டில் 26 பேரைச் சிலுவையில் ஏற்றினார்கள். 1614-இல் நாடு முழுவதும் தடை வந்தது. ஒளிந்திருந்த கடைசி ஜப்பானியக் குருவும் 1644-இல் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகு பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு புத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்தாக வேண்டும். நாகசாகியில் ஆண்டுத் தொடக்கத்தில் ஊரே வரிசையில் நின்று, இயேசுவோ மாதாவோ பொறித்த உலோகத் தகட்டை அதிகாரி முன்னால் மிதித்துக் காட்ட வேண்டும். 'ஃபுமி-யே' என்று அதற்குப் பெயர். உராகாமி என்ற கிராமத்தில் இந்தச் சடங்கு ஊர்த்தலைவர் வீட்டில் நடந்தது. அந்த வீட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உத்தம மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். குரு இல்லாத இடத்திலும் மெய்யான மனஸ்தாபம் இருந்தால் பாவம் மன்னிக்கப்படும் என்று விளக்கும் ஒரு சிறு நூலை ஆயர் லூயிஸ் செர்கெய்ரா 1603-இல், தடைக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டிருந்தார். அது கையெழுத்துப் பிரதிகளாக வீட்டுக்கு வீடு நகர்ந்தது. விழுந்தவன் எழுந்து நிற்க வழி சொன்ன அந்தச் சிறு நூல் இல்லாமல் போயிருந்தால், முதல் மிதியோடு பலர் வேதத்தையே விட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

மனஸ்தாபம் மட்டும் போதாது, ஊருக்கு ஒரு ஒழுங்கும் வேண்டியிருந்தது. உராகாமியில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நாட்காட்டியைக் காப்பவர் ஒருவர். ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் தனி. இன்ன நாள் இன்ன திருநாள் என்று ரகசியமாக வீடுகளுக்குச் சொல்லிவர இன்னும் சிலர். பாஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுப்போனதாகச் சொல்லப்படும் நாட்காட்டிதான் அவர்களுக்கு ஆதாரம். எந்த நாள் ஒருசந்தி, எந்த நாள் ஊசிநூல் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். குழந்தையை ஏந்திய வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலை வெளியாருக்குப் புத்த தெய்வம், வீட்டாருக்கு மாதா. சாவு வீட்டில் புத்த பிக்கு சூத்திரம் ஓதிக்கொண்டிருக்க, அதன் பலனை அழிக்கும் ஜெபத்தை அடுத்த அறையில் உட்கார்ந்து முணுமுணுத்தார்கள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த அறையில் பிடிபட்டிருந்தால் சிரிக்க யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

ஏழு தலைமுறை கழித்துப் பெரிய கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள் என்று பாஸ்தியான் சொன்னதாகவும் ஒரு நம்பிக்கை. இதைக் கேட்டு வளர்ந்த தாத்தா, தான் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே பேரனுக்குச் சொன்னார்.

கப்பல் வந்தது. ஜப்பான் துறைமுகங்களைத் திறந்த பிறகு, வெளிநாட்டவருக்காக நாகசாகியின் ஓஉரா குன்றில் ஒரு கோயில் எழுந்தது. புதுச்சேரிக்குக் குருக்களை அனுப்பிய அதே பாரிஸ் மிஷன் சபையைச் சேர்ந்த பெர்னார் பெத்திஜான்தான் அங்கே குரு. 1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை நண்பகல் கடந்த நேரம். உராகாமியிலிருந்து பதினைந்து பேர் போல வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே போய் அவர் ஜெபித்துக்கொண்டிருக்கையில் ஒரு பெண் அருகில் வந்து, தங்கள் எல்லாருடைய இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னார். பிறகு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்த பேச்சு. தாங்கள் இப்போது துக்க காலத்தில் இருப்பதாகச் சொன்னவர்கள், நீங்களும் இதை அனுசரிக்கிறீர்களா என்று குருவையே விசாரித்தார்கள். அந்த ஆண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 1-இல் வந்தது. அவர்கள் வந்து நின்ற அன்று தவக்காலத்தின் பதினேழாம் நாள். ரோமிலிருந்து ஒரு கடுதாசிகூட வராமல் இருநூறு ஆண்டுக்கு மேல் கடந்தும் இவர்கள் தவக்காலத்துக்குள் சரியாக நின்றார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தடை இன்னும் நீங்கவில்லை. உராகாமி மக்கள் புத்த முறைப்படி ஈமச்சடங்கு செய்ய மறுத்ததும் கைதுகள் தொடங்கின. 1868 முதல் சுமார் 3,400 பேர், கிட்டத்தட்ட ஊரே, நாட்டின் பல மூலைகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். த்சுவானோவில் உறைபனிக் குளத்தில் இறக்கியும், நிமிர முடியாத கூண்டில் அடைத்தும் மனம் மாறச் சொன்னார்கள். சிலர் மாறினார்கள். 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவேயில்லை. மேலைநாடுகளின் கண்டனத்துக்குப் பின் 1873-இல் தடைப் பலகைகள் இறங்கின. மீண்டவர்கள் அந்த ஆண்டுகளை 'பயணம்' என்று குறிப்பிட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள் காசு சேர்த்து, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தையே விலைக்கு வாங்கினார்கள். மிதித்த இடத்தில் 1895-இல் செங்கல் கோயில் எழும்பத் தொடங்கியது. அது 1914-இல்தான் முடிந்தது. 1945 ஆகஸ்ட் 9 காலை 11.02-க்கு அதிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. உராகாமியின் 12,000 கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். இதற்குள் ஏதாவது தெய்வத் திட்டம் இருந்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்: மிஞ்சியவர்கள் இடிபாட்டில் உடையாமல் கிடந்த ஒரு மணியைத் தோண்டியெடுத்து, அந்தக் கிறிஸ்மஸுக்கு முந்தின இரவே அடித்தார்கள். கோயிலை 1959-இல் மறுபடி கட்டினார்கள். உடைந்துபோன இன்னொரு மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் ஒன்றைக் கொடுக்க, 2025 ஆகஸ்ட் 9-இல் இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

1873-க்குப் பிறகு எல்லாரும் கோயிலுக்குத் திரும்பிவிடவில்லை. இகித்சுகி போன்ற தீவுகளில் சிலர், பாட்டன் காட்டிய வழியே வேதம் என்று குருக்களைச் சேராமல் இருந்துவிட்டார்கள். தேய்ந்துபோன லத்தீன், போர்த்துகீசியச் சொற்களோடு அவர்கள் ஓதும் ஜெபம் இன்றும் அங்கே கேட்கலாம், ஆனால் ஓதுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் பட்டணத்து வேலைக்குப் போய்விட்டதால் பொறுப்பை ஏற்க ஆளில்லாமல் பல குழுக்கள் கலைந்துவிட்டன. 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நாகசாகிப் பகுதித் தலங்களைப் பார்க்கப் போகிறவர்கள், முடிந்தால் ஒரு நாள் ஒதுக்கி இகித்சுகிக்கும் போய் வாருங்கள்.