திருத்தங்களின் தடம்

நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை அடித்துத் திருத்தினால், அடிபட்ட சொல் கோட்டின் அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். கணினிக் கோப்பில் அவ்வாறன்று. புதிய சொல் வந்ததும் பழைய சொல் சுவடின்றி மறைந்துவிடும். ஒருவரே எழுதும் கோப்பில் இதனால் பெருந்தீங்கு இல்லை. ஒருவரையொருவர் அறியாத பலர் சேர்ந்து எழுதும் ஆவணத்தில் எதை, யார், எப்போது மாற்றினார் என்பது தெரியாவிட்டால் அந்த ஆவணத்தை எப்படி நம்புவது?

2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் இச்சிக்கலை எதிர்கொண்டது. அதில் எவரும் கட்டுரையைத் திருத்தலாம். ஆயினும் ஒரு திருத்தம் முந்தைய வடிவத்தை அழித்துவிடுவதில்லை. ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்தாலும் அது தனிப் பதிப்பாகத் தரவுத்தளத்தில் சேர்கிறது. நாளும் நேரமும் திருத்தியவரின் பயனர் பெயரும் உடன் பதிவாகின்றன. கணக்குத் தொடங்காதவர் திருத்தினால், பெயருக்குப் பதிலாக அவருடைய இணைய முகவரி பதிவாவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. கட்டுரையின் மேலுள்ள வரலாற்று இணைப்பைச் சொடுக்கினால் இப்பதிப்புகள் பட்டியலாக விரியும். இரண்டைத் தெரிவுசெய்து ஒப்பிட்டால், நீக்கிய சொற்களும் சேர்த்த சொற்களும் வெவ்வேறு நிறத்தில் எதிரெதிரே நிற்கும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இவ்வசதி உண்டு.

பதிப்புகள் பத்து, இருபது என்றால் பட்டியல் போதும். நூற்றுக்கணக்கில் பெருகும்போது பட்டியலைப் படித்து எதையும் உணர இயலாது. எனவே, ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர்களான பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பெர்க் ஆகியோர் 2003இல் 'ஹிஸ்டரி ஃப்ளோ' என்னும் மென்பொருளை உருவாக்கினர். வரலாற்றின் ஓட்டம் என அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். இதில் ஒவ்வொரு பதிப்பும் ஒரு செங்குத்துக் கோடு. கட்டுரை வளர்ந்தால் கோடும் நீளும். எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். ஒரு பத்தி அடுத்த பதிப்பிலும் நிலைத்தால் அந்நிறம் பட்டையாகத் தொடரும். நீக்கப்பட்டால் பட்டை அறுந்துவிடும். சாக்லேட் பற்றிய கட்டுரையில், உருக்கிய சாக்லேட்டால் செய்யும் ஒருவகைச் சிற்பம் உண்மையிலேயே உண்டா என்று பூசல் எழுந்தது. ஒரு தரப்பு சேர்க்க, மறுதரப்பு நீக்க, படம் இரம்பப் பற்களைப் போல ஏறி இறங்கியது. அந்தச் சண்டையை அறிய ஒரு வரியைக்கூடப் படிக்க வேண்டியதில்லை!

கருக்கலைப்பு பற்றிய கட்டுரையின் படம் இதனினும் வியப்பானது. பதிப்புகளைச் சம இடைவெளியில் அடுக்கியபோது, கட்டுரை முழுவதையும் யாரோ துடைத்தழித்த இடங்கள் ஆழ்ந்த பிளவுகளாகத் தெரிந்தன. அதே பதிப்புகளைக் கால அளவுக்கேற்ப அடுக்கியபோது பிளவுகளைக் காணவில்லை. அழித்த சிறிது நேரத்திலேயே வேறொருவர் மீட்டுவிட்டதால், காலக்கணக்கில் அவற்றுக்கு அகலமே இல்லாமற்போனது. ஆய்வாளர்கள் கண்ட இத்தகைய பெருநீக்கங்களில் ஏறத்தாழப் பாதி, மூன்றே நிமிடங்களுக்குள் சரிசெய்யப்பட்டிருந்தன.

இவ்விரைவு பலரும் பார்க்கும் கட்டுரைகளுக்கே வாய்க்கும். 2005 மே மாதம், அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு புதிய கட்டுரை தோன்றியது. கென்னடி உடன்பிறந்தாரின் படுகொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாக ஒரு காலத்தில் கருதப்பட்டது என்றது அக்கட்டுரை. அது முழுப்பொய். அவர் ராபர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். அவருடைய உடலைச் சுமந்து சென்றோருள் ஒருவர். மூன்று நாள் கழித்து ஒருவர் அக்கட்டுரையைத் திறந்து, ஒரு சொல்லிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தார், பொய்யைத் தொடவில்லை. இதுவும் வரலாற்றுப் பக்கத்தில் நாளோடு பதிவாயிற்று. அவதூறு நான்கு மாதங்கள் நீடித்தது.

எழுதியவரின் பெயர் அப்பக்கத்தில் இல்லை. எண்களாலான இணைய முகவரி மட்டுமே இருந்தது. அதனைப் பின்தொடர்ந்த ஆர்வலர் ஒருவர், நாஷ்வில் நகரத்து நிறுவனம் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார். டிசம்பரில், எழுதியவரே சீகன்தாலரிடம் மன்னிப்புக் கேட்டார். உடன் பணிபுரிபவரிடம் வேடிக்கை காட்டவே எழுதினாராம். கணக்கில்லாதோர் புதிய கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா அம்மாதமே நிறுத்தியது.

இதற்கு முன்பே வேறொரு சிக்கல் தலைதூக்கியிருந்தது. செப்டம்பரில் கட்டுரை திருத்தப்பட்ட பின்னரும் பழைய பதிப்புகள் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருந்தன. சொடுக்கிய எவரும் அந்தப் பொய்யைப் படிக்க முடிந்தது. எதையும் அழியவிடாத அமைப்பு அவதூறையும் அழியவிடவில்லை. அக்டோபரில், சீகன்தாலரின் வேண்டுகோளை ஏற்று அப்பதிப்புகள் பொதுப்பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. நிருவாகிகள் மட்டுமே அவற்றைத் திறந்து காண இயலும்.