கன்னர் டிப்வாட்: பெற்றோரின் கோரிக்கையைச் சட்டமாக்கியவர்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் கல்வியை உரிமையாக நிலைநாட்டியவர்களுள் கன்னர் டிப்வாட் முக்கியமானவர். 1909இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த அவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1934இல் அமெரிக்காவில் குடியேறினார். தொடக்கத்தில் சிறைச்சாலைகள் தொடர்பான பணியிலும், பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் குழந்தைகள் நலப் பணியிலும் ஈடுபட்டார்.

அந்நாளில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை பிறந்தால், அரசு விடுதியில் விட்டுவிடுமாறு மருத்துவர்களே பெற்றோரிடம் சொல்வது வழக்கம். விடுதிகளில் நெரிசலும் புறக்கணிப்புமே மிஞ்சின. வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. இந்நிலையை மாற்ற, பெற்றோர் 1950இல் மினியாபொலிஸில் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1957 முதல் 1963 வரை டிப்வாட் அதன் செயல் இயக்குநராக இருந்தார்.

சமூகவியலில் முனைவரான அவருடைய மனைவி ரோஸ்மேரியும் இப்பணியில் சமபங்கு வகித்தார். 1964 முதல் 1967 வரை இருவரும் ஜெனீவாவிலிருந்து பல நாடுகளின் பெற்றோர் அமைப்புகளுக்கு ஆலோசனை கூறினர். நாடு திரும்பியபின் டிப்வாட் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவருடைய வாதம் தெளிவானது. இனத்தைக் காட்டிக் குழந்தைகளைப் பள்ளியில் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதே நியாயம் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் பொருந்தும். ஆகவே அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துக் காத்திராமல் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று அவர் பெற்றோரை வலியுறுத்தினார்.

பென்சில்வேனியா பெற்றோர் சங்கம் அவ்வழியில் வழக்குத் தொடுத்தது. ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எட்டாத குழந்தையைச் சேர்க்க மறுக்க அம்மாநிலச் சட்டம் பள்ளிகளுக்கு இடமளித்தது. கல்வியால் பயன்பெறாத குழந்தை எதுவும் இல்லை என்று வல்லுநர்கள் 1971இல் சாட்சியம் அளித்தனர். மாநில அரசு இணங்கி வந்தது. 6 முதல் 21 வயது வரை அனைவருக்கும் இலவசக் கல்வி அளிக்க ஒப்புக்கொண்ட உடன்பாட்டை 1972இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. பிற மாநிலங்களிலும் வழக்குகள் தொடர்ந்தன. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம், மாற்றுத்திறன் குழந்தைகள் அனைவருக்கும் கல்வி அளிக்கும் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் வகுப்பதும், அதில் பெற்றோருக்கு இடமளிப்பதும் கட்டாயமாயின.

1978இல் டிப்வாட் பெற்றோர் அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்புக்குத் தலைவரானார். பெற்றோரும் வல்லுநரும் மட்டுமே பேசிவந்த இடத்தில், குறைபாடு உள்ளவர்களே தமக்காகப் பேச வேண்டும் என்பது அவருடைய அடுத்த வலியுறுத்தல். அவர்களே நடத்தும் தன்னுரிமை இயக்கங்களை ஆதரித்தார். அவற்றைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை 1996இல் இணைந்து பதிப்பித்தார். 2001இல் அவர் காலமானார். தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கே பங்கு வேண்டும் என்னும் கோரிக்கையை இன்று உலகெங்கும் அவ்வியக்கங்கள் முன்னெடுத்து வருகின்றன.